எங்கம்மாவுக்கு நான் போடாத அரிசி

அக்கா,

பிள்ளைகள் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மூத்த பேத்தி நர்ஸ் படிப்பை முடித்து மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே வேலையாம். பேரன் திண்டுக்கல்லில் பி.காம். படிக்கிறான், காலேஜ் வாலிபால் டீமுக்கு அவன்தான் கேப்டன். கடைக்குட்டி பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் நூற்றுக்கு நூறு. அஞ்சாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு இப்படி ஒரு பேத்தி! கடைத்தெருவில் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். கேட்கிறவர்கள் சலித்துக்கொண்டாலும் நான் விடுவதில்லை.

நேற்று அந்தக் கடைக்குட்டிக்கு நெஞ்சுச் சளி. யூகலிப்டஸ் தைலத்தை எடுத்துத் தேய்த்துவிட்டேன். மூடியைத் திறந்ததும் நீ வந்துவிட்டாய். உன் முந்தானையில் எப்போதும் இருந்த வாசம் அது. நீ செத்த பிறகு உன்னை நினைக்கக் கூடாது என்று வைராக்கியமாகத்தான் இருந்தேன். தைலத்துக்கு அது தெரியவில்லை.

மலைமேல் ஸ்கூல் ஹாஸ்டல் சலவைக் கூடத்தில் நாம் சேர்ந்து வேலை பார்த்த வருசங்கள் கண்முன்னே வந்தன. மூடுபனி இறங்கிவிட்டால் பிள்ளைகளின் போர்வை எதுவும் காயாது. கரி அடுப்பைச் சுற்றிக் கொடி கட்டி விரித்துப் போடுவோம். அந்தப் புகையில் நின்றுகொண்டுதான் நீ எனக்கு இயேசுவைச் சொன்னாய். நான் வடகவுஞ்சிக்காரி, பூண்டுக் காட்டில் பிறந்தவள், எங்கள் குலசாமியைத் தவிர வேறு பெயர் தெரியாதவள். எழுத்துக் கூட்டி வேதம் வாசிக்க வைத்தது நீதான். நான் ஞாயிற்றுக்கிழமை சபைக்கும் வந்து, பங்குனியில் ஊர்ச் சாமி கும்பிடவும் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, போர்வையை உதறிக்கொண்டே கேட்டாய்:

"ஏ புள்ள, நனஞ்ச துணியக் கூட வச்சுக்கலாம். பாதி காஞ்ச துணி என்னாகும்?"

"நாறிப்போகும்க்கா."

"அதேதான். நீ பாதி காஞ்சவளா நிக்காத."

அந்த மார்கழியிலேயே ஓடைத் தண்ணீரில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன். பல் கிட்டித்துப் போயிற்று. கரையேறினதும் நீதான் உன் சால்வையை எடுத்து என்மேல் போர்த்தினாய். பொட்டும் பூவும் அன்றோடு போயின. என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "புருசன் இருக்கயில இப்படி வந்து நிக்கிறியேடி" என்று அழுதாள். அழுதுகொண்டே சோறும் போட்டாள்.

அந்த அம்மா செத்துப்போனாள். சேதி கொண்டுவந்தவரிடம் அண்ணன் ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பியிருந்தான்: "வந்தா மக செய்ய வேண்டியத செய்யணும். வாய்க்கரிசி போடாம ஒதுங்கி நிக்கிறதுன்னா வரவே வேணாம்."

நான் உன்னிடம்தான் ஓடி வந்தேன். நீ இஸ்திரிப் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"போகாத புள்ள. அந்த அரிசியத் தொட்டா கர்த்தர மறுதலிச்சதாகும்."

"எங்கம்மாக்கா. மொகத்தையாச்சும் பாத்துட்டு வந்துர்றேனே."

"போனா உன்ன விடுவாங்களா? கையில திணிச்சுருவாங்க. நீ உறுதியா நில்லு. நான் உனக்காக முழங்கால்ல நிக்கிறேன்."

நின்றேன். எங்கம்மாவை எடுத்துக்கொண்டு போன நேரத்தில் நான் யாரோ பெற்ற பிள்ளைகளின் தலையணை உறைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பேச்சை நிறுத்திய அண்ணன் இன்றுவரை பேசவில்லை. ஆனாலும் அக்கா, அப்போது என் மனசு கலங்கவில்லை. வலித்தது, ஆனால் கலங்கவில்லை. இரண்டு பேர் சேர்ந்து சுமக்கிற பாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருசம் கழித்து ஆயக்குடியில், உன்னைத் தவிர யாரும் சபைக்கு வராத உன் பிறந்த வீட்டில், உன் அப்பா தவறிப்போனார். சேதி கேட்டதும் வெள்ளனே முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். உன்னையும் அதே மாதிரி நெருக்குவார்கள், பக்கத்தில் ஒரு ஆளாவது நிற்க வேண்டும் என்றுதான் வந்தேன். பஸ் வடகவுஞ்சியைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். பழனியில் இறங்கி, ஆயக்குடிக்கு வேறு பஸ் பிடித்து, கொய்யாக் கூடைகள் அடுக்கிக் கிடந்த உங்கள் வாசலுக்குள் நுழைந்தேன்.

நீ தலை முழுகி, ஈரச் சேலையோடு வரிசையில் முதல் ஆளாக நின்றாய். நெற்றியில் பொட்டு. கை நிறைய அரிசி. யாரும் உன்னைப் பிடித்துத் தள்ளவில்லை. யாரும் உன் கையில் திணிக்கவில்லை. நீயாகவே குனிந்து உன் அப்பா வாயில் மூன்று தரம் போட்டாய். நிமிர்ந்தபோதுதான் என்னைப் பார்த்தாய்.

எல்லாம் முடிந்தபின் கொய்யா மரத்தடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"சொந்தபந்தம் எல்லாம் பாத்துக்கிட்டு இருக்குதுல்ல. நான் ஒத்த மக. ஒரு பிடி அரிசில என்ன புள்ள இருக்கு? கர்த்தரு உள்ளத்தத்தான பாக்குறாரு."

"அப்ப எங்கம்மாவுக்கு?"

நீ என் கையை விட்டாய். பிறகு சொன்னாய்: "உன் விசுவாசம் பெருசு. நான் பெலவீனமானவ."

அப்படிச் சொல்லி என் வாயை அடைத்துவிட்டாய். ஒருவர் தன்னைப் பெலவீனமானவள் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது? திரும்பி வரும்போது பஸ் வடகவுஞ்சியில் நின்றது. இறங்கலாமா என்று எழுந்தேன். இறங்கி யாரைப் பார்க்க? உட்கார்ந்துகொண்டேன்.

அதையும் பொறுத்திருப்பேன். அதற்குப் பிறகு நீ செய்ததுதான் ஆறவில்லை. உபவாசக் கூட்டங்களில் எழுந்து என் கதையைச் சாட்சியாகச் சொன்னாய். "நான் கர்த்தர்கிட்ட கொண்டுவந்து ஆத்தும ஆதாயம் பண்ணின ஒரு தங்கச்சி, பெத்த தாய்க்கே வாய்க்கரிசி போடல, அவ்வளவு வைராக்கியம்" என்று. எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். ஆயக்குடி சங்கதியை நீ எந்தக் கூட்டத்திலும் சொன்னதாகத் தெரியவில்லை. என் கை அரிசி விழாமல் எங்கம்மா திறந்த வாயோடு போனாள், அதை எடுத்து உனக்குக் கிரீடமாக வைத்துக்கொண்டாய். அன்றிலிருந்து நான் கடைசி வரிசைப் பாயில் உட்கார ஆரம்பித்தேன். நீ ஏன் என்று கேட்கவில்லை.

போன மாசம் நீ போனாய். பாஸ்டர் வந்து இரண்டு பாட்டுப் பாடி ஜெபம் பண்ணிவிட்டு, வேறு ஊரில் கூட்டம் என்று புறப்பட்டார். அவர் தலை மறைந்ததும் ஆயக்குடிச் சனம் உள்ளே வந்தது. உன் மகள் அரிசித் தட்டோடு என் முன்னால் நின்றாள்.

"சித்தி, நீங்களும் போடுங்க. அம்மா கடைசி வரைக்கும் உங்களத்தான் தேடுச்சு."

ஒரு பிடி அள்ளிவிட்டேன் அக்கா. உன் முகத்தைப் பார்த்தேன். எங்கம்மாவுக்கு நீளாத கை உனக்கு நீளவில்லை. அரிசியைத் தட்டிலேயே திரும்பப் போட்டேன். பின்னாலிருந்து உன் சொந்தக்காரி ஒருத்தி, "இவுக பெரிய விசுவாசியாம்ல! செத்தவகிட்டக் கூடவா வீம்பு?" என்றாள். வீம்புதான் என்று நினைத்துக்கொள்ளட்டும். உன் காலடியில் நின்று நானே சத்தமாக ஜெபம் பண்ணினேன். ஆமென் சொல்லும்வரை நிறுத்தவில்லை.

எல்லாரும் நினைப்பதுபோல நான் சபையை விட்டுப் போய்விடவில்லை. ஞாயிறு தவறாமல் போகிறேன். நீ எனக்குக் கொடுத்தது உன்னிடமே இல்லாததாக இருந்திருக்கலாம். என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது, இனி அது என்னுடையது. காலையில் எழுந்ததும் முழங்கால் போட்டால் ஒரு ஆள் கேட்கிறார் என்பது எனக்குத் தெரிகிறது. அதை உன்மேல் உள்ள கோபத்தில் தூக்கிப் போட முடியாது. அண்ணனுக்காகவும் ஜெபிக்கிறேன். உனக்காக ஜெபிக்க உட்கார்ந்தால் மட்டும் ஒரே கேள்வி வந்து குறுக்கே நிற்கிறது: அன்றைக்கு இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, போகாதே என்று சொன்னாயே, அதை நீ நம்பித்தான் சொன்னாயா?

உன் மகள் நினைவு அட்டை அச்சடித்து அனுப்பியிருக்கிறாள். அதில் நீ கைகளை உயர்த்தி, கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கிறாய். அந்த முகத்திடம் எதைக் கேட்பது? அவளுக்குப் பதில் எழுதிவிட்டேன்: அம்மா கண்ணைத் திறந்து நேரே பார்க்கிற மாதிரி வேறொரு போட்டோ புதுசாகப் பிரிண்ட் போட்டு, வெரசா தபாலில் அனுப்பு தாயி.