உன் தம்பி சிரித்த பதினோரு நாள்

அன்பு மகளுக்கு,

நீ எழுதிக் கொடுத்த பாராட்டுக் கடிதத்தைக் காட்டித்தான் உன் தம்பியின் தாடையைக் கெடுத்தவர்கள் தப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். இதை எழுதிவிட்டால்தான் மற்றதற்குக் கை ஓடும் போலிருந்தது, எழுதிவிட்டேன். நானும் அம்மாவும் படுத்துக்கொள்ளாமல் நடமாடுகிறோம், அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது மட்டும் கூடியிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். பேத்திக்கு இருமல் விட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

சின்னவன் ஆஸ்பத்திரிக்கு வந்து இன்றோடு பத்தொன்பது நாள். கடைவாய்ப் பல்லில் கட்டிய சீழ் எலும்புக்குள் இறங்கி, இடது தாடையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்பதைப் போனில் சொல்லியிருக்கிறேன். இப்போது மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஆகாரம் போகிறது. குழாயைப் பிடுங்கிவிடுகிறான் என்று இரண்டு கைக்கும் தடித்த துணி உறை மாட்டிக் கட்டியிருக்கிறார்கள். முப்பத்து நாலு வயது ஆள், குத்துச்சண்டைக்காரன் மாதிரி உறையைப் போட்டுக்கொண்டு மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தபடி கிடக்கிறான். இவ்வளவு வீங்குகிறவரை வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று டாக்டர் என்னைக் கேட்டார். வீட்டில் இல்லை, இவன் மாதிரிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற, தரச் சான்றிதழ் வாங்கிய விடுதியில் இருந்தான் என்றேன். அவர் காகிதத்தில் என்னவோ எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பேச்சு வராத அவன் வலித்தால் அழமாட்டான், சிரிப்பான் என்று இந்தக் குடும்பத்தில் முதலில் கண்டுபிடித்தவள் நீதான், ஞாபகம் இருக்கிறதா. அவனுக்கு ஆறு வயது, உனக்குப் பத்து. மாடிப்படியில் உருண்டு விழுந்துவிட்டு விடாமல் சிரித்தான், நான் முட்டாள், விளையாடுகிறான் என்று நினைத்து அவனைத் தூக்கிக் கிச்சுகிச்சு மூட்டினேன். நீ ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "அவன் சிரிக்கலப்பா, அவனுக்கு வலிக்குது" என்றாய். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், பக்கத்து வீடு, பகல் நேரப் பயிற்சி மையம் என்று அவன் போன இடமெல்லாம் அம்மா முதல் வேலையாக இதைத்தான் சொல்லிவைத்தாள். விடுதியில் சேர்த்த அன்றும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, அவன் கட்டிலுக்கு மேலே சுவரில் தன் கையாலேயே ஒட்டினாள். விடாமல் சிரித்தால் அவனுக்கு எங்கோ வலி, வாயைத் திறந்து பாருங்கள், வயிற்றை அமுக்கிப் பாருங்கள், எங்களுக்குப் போன் செய்யுங்கள் என்று. மூன்று வருஷம் அந்தத் தாள் அங்கே இருந்தது. மூன்று வருஷமும் அவனுக்குக் காது வலி, வயிற்று வலி எதுவானாலும் அன்றைக்கே போன் வந்தது.

போன வருஷக் கடைசியில் தரச் சோதனைக்கு வந்தவர்கள், சுவரில் காகிதம் ஒட்டியிருந்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது, வீடு மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். மறுநாளே பதினோரு பேருடைய தாளையும் கிழித்தெடுத்து ஒரு கோப்பில் போட்டு ஆபீஸ் அலமாரியில் பூட்டிவிட்டார்கள். சுவருக்கு வெளிர் பச்சை அடித்தார்கள், ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டார்கள், மொத்த மதிப்பெண்ணும் கிடைத்தது. நான் முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன், எனக்கு இந்தக் கூத்து புதிதில்லை. சோதனைக்கு ஆள் வருகிறார் என்றால் உள்ளே இருக்கிற கண்ணாடியைத் துடைத்துப் பளபளவென்று வைப்பார்கள், வந்தவரும் கண்ணாடியில் தலையைச் சீவிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார், மேலே ஏறி இரும்புக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தவர்கள் என் காலத்தில் இரண்டே பேர்.

அங்கே காலையில் பதினோரு ஆண்களைக் குளிப்பாட்டி உடுத்திவிட ஒரே ஒரு பெண்தான். நீ நினைப்பது மாதிரி நான் அவள்மேல் பாயவில்லை. அவள் ஆஸ்பத்திரிக்கு அவளாகவே வந்தாள், லீவு கேட்டால் கொடுக்கமாட்டார்கள் என்று வேலை முடித்துவிட்டு அந்த நீல உடுப்போடு வந்தாள். வேலைக்குச் சேர்ந்தே நாலு மாதம்தான், சுவரில் தாள் இருந்ததே அவளுக்குத் தெரியாது. கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு அது காதைவிட்டுப் போகவில்லை. "மத்தவங்க அழுவாங்க, கடிப்பாங்க சார். இவர் ஒருத்தர்தான் சிரிச்சிட்டே இருந்தாரு. எனக்கு அது ஆறுதலா இருந்துச்சு. அதனால இவர கடைசியா பாத்துக்கலாம்னு விட்டுட்டு விட்டுட்டுப் போனேன்" என்றாள். தினமும் ஒவ்வொருவருக்கும் மகிழ்ச்சி, சாதாரணம், கலக்கம் என்று மூன்று கட்டத்தில் ஒன்றில் குறி போட வேண்டும், பல் வலியில் இவன் விடாமல் சிரித்த பதினோரு நாளும் இவனுக்கு மகிழ்ச்சியில் குறி போட்டிருக்கிறாள். அந்த மாதம் விடுதியிலேயே அதிகச் சந்தோஷமாக இருந்தவன் உன் தம்பிதான், கணக்கில் அப்படித்தான் இருக்கிறது. பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டு மேஜையில் சாய்ந்து விழுந்தான்.

அந்தப் பதினோரு நாளில் நாலாம் நாள் எடுத்த வீடியோவைத்தான் உனக்கும் எனக்கும் அனுப்பினார்கள். நீ பார்த்த அன்றைக்கே, என் தம்பி இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை, இதுதான் உண்மையான பராமரிப்பு என்று நிர்வாகிக்கு எழுதினாய். காகிதமே ஒட்டக்கூடாத அந்த வீட்டில், வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி உன் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். உன்னை மட்டும் சொல்லிவிட்டு நான் கையைக் கழுவிக்கொள்ளப் போவதில்லை. நானும் அந்த வீடியோவை இரண்டு தடவை பார்த்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, இந்தச் சிரிப்பு சரியில்லை, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். எனக்கு இடுப்பு வலி, பஸ்ஸில் இரண்டு மணி நேரம். உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம், பிள்ளை பழகிவிட்டான், சந்தோஷப்படு என்று அவள் வாயை அடைத்தேன். எதிர்வீட்டுக்காரரிடமும் அந்த வீடியோவைக் காட்டினேன். அவன் விழுந்த பிறகும் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை.

நிர்வாகியைப் போய்ப் பார்த்தேன். டீ கொடுத்தார், அங்கிள் என்று கூப்பிட்டார், நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி என்றார். குடும்பம் என்றால் ஒருத்தராவது அவன் வாயைத் திறந்து பார்த்திருப்பீர்களே என்றேன். அதற்கு அவர் எழுந்துபோய் உன் கடிதத்தைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு வந்து மேஜையில் வைத்து, உங்கள் மகளே திருப்தி என்று எழுதியிருக்கிறார், தேதியைப் பாருங்கள் என்றார். நான் பார்த்தேன். அவன் வாயில் சீழ் கட்டிக்கொண்டிருந்த நாலாம் நாளின் தேதி அது. டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்னும் பத்து நாளில் அவனை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். எங்கே அனுப்புவது. எனக்கு எழுபத்தொன்று, அம்மாவால் அவன் ஒரு காலைக்கூடத் தூக்கமுடியாது. வேறு இரண்டு விடுதியில் கேட்டேன், ஒன்றில் ஆறு வருஷம் காத்திருக்கச் சொல்கிறார்கள், இன்னொன்றில் குழாய் போட்ட ஆளைச் சேர்ப்பதில்லையாம். ஆக, அதே வெளிர் பச்சைச் சுவருக்குத்தான் அவன் திரும்பப் போகிறான். அதனால்தான் விடுதிகளை மேற்பார்க்கிற அலுவலகத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்கிறேன். யாரையும் ஜெயிலில் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தத் தாள் சுவருக்கு வர வேண்டும், காலையில் பதினோரு பேருக்கு மூன்று ஆளாவது வேண்டும், வாரம் ஒரு தடவை வாயை விளக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு எழுபது தாண்டியபோது உன்னையும் அவனுக்குப் பாதுகாவலராகச் சேர்த்தோம் அல்லவா, இரண்டு பேர் கையெழுத்தும் இல்லாமல் புகாரை வாங்கவே மாட்டேன் என்கிறார்கள். அதோடு அந்தக் கடிதத்தை நீ திரும்பப் பெற்றுக்கொள்வதாக இரண்டு வரி வேண்டும்.

பெரிசு பண்ண வேண்டாம்ப்பா, விடுதிக்காரர்கள் கோபத்தில் அவனை வெளியே அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று நீ போன வாரம் எழுதினாய். அதன் பிறகு போனும் எடுக்கவில்லை. உன் பயம் பொய்யில்லை. அனுப்பினால் சட்டப்படி அடுத்த பொறுப்பு உன்னுடையது, அதுவும் உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எங்களுக்குப் பிறகு அவன் எங்கே இருப்பான் என்பதை நாம் மூன்று பேரும் பேசாமலே பதினைந்து வருஷத்தை ஓட்டிவிட்டோம். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். நாம் பேசினால் அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து பயந்துதான் பதினோரு வீட்டுக்காரர்களும் வாயைத் திறக்காமல் இருக்கிறோம், அவர்கள் சுவருக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது அவன் சிரிப்பதில்லை. தாடை அசையாததாலா, மருந்து கொடுத்து வலி போய்விட்டதாலா என்று தெரியவில்லை. வலி எங்கே என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இருந்த ஒரே வழியும் இல்லாமல் போய்விட்டது. அம்மா நாள் முழுக்க அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், புதிதாக என்ன செய்கிறான் என்று. நேற்று வலது காலின் பெருவிரலை மடக்கி மடக்கி விட்டானாம், அதை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள்.

பனியில் வண்டி ஓட்டும்போது நிதானமாக ஓட்டு, மாப்பிள்ளையிடமும் சொல். பேத்தியைப் பல் டாக்டரிடம் காட்டு, வலி இருக்கிறதா என்று கேட்காதே, காட்டு. எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உங்கள் மூவருக்கும் உண்டு, கோபமாக எழுதுகிற இன்றைக்கும் உண்டு.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அப்பா

புகார்ப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். முதல் கோட்டில் நான் போட்டுவிட்டேன். பதினான்காம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். வேலை அதிகம், அப்புறம் பேசுகிறேன் என்று எழுதாதே. போனில் இரண்டு தடவை கேட்டுவிட்டேன், இது மூன்றாவது தடவை. இரண்டாவது கோட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.