அடுப்பில் நாற்பது விநாடி

நவம்பர் 4, செவ்வாய்

காது கேளாதவர்களுக்காகத் தொலைக்காட்சித் தொடர்களுக்குத் திரையின் கீழ் வரும் எழுத்து வரி எழுதத் தொடங்கிப் பதினோரு ஆண்டு. இன்று ஏழாம் பாகம். மனைவி அடுப்பில் மண்சட்டியை வைக்கிறாள். பிறகு நாற்பது விநாடி அவள் முகம் மட்டும். கணவன் வரவில்லை. வசனம் இல்லை, குழம்பு கொதிக்கும் சத்தம்தான். கொதிப்புக்கு எங்கள் மொழியில் உள்ள ஒலிச்சொல்லைப் போட்டு "புகுல் புகுல்" என்று எழுதினேன். குழுத் தலைவர் கூ அதை அடித்துவிட்டு "கொதிக்கும் ஒலி" என்று போட்டார்.

"கேக்காதவங்களுக்கு புகுல் என்ன, பொகுல் என்ன மேடம்? விஷயம் தெரிஞ்சா போதாதா?"

நவம்பர் 5

திரும்பப் போட்டேன். அடித்தார். மறுபடி போட்டேன்.

"டிசம்பர்ல உங்க ஒப்பந்தம் முடியுது. ஞாபகம் இருக்கட்டும்."

இருக்கிறது.

நவம்பர் 7

அவர் சொல்வது சரியாக இருந்தால்? கேட்டே அறியாதவருக்கு ஒலிச்சொல் எதற்கு? நான் யாருக்காக அடம்பிடிக்கிறேன் — எனக்காகவா? பதினோரு ஆண்டில் பார்ப்பவர் ஒருவரைக்கூடக் கேட்டதில்லை. வெட்கக்கேடு.

நவம்பர் 8, சனி

மாங்வோன் சந்தையில் தையற்கடை வைத்திருக்கும் பாங் ஓக்ரானைத் தேடிப்போய்ப் பார்த்தேன். அறுபத்தொரு வயது, பிறவியிலேயே காது கேளாதவர். கைபேசியில் காட்சியைக் காட்டினேன். என் வரியைப் பார்த்துச் சிரித்தார். தாளில் எழுதினார்:

"இத்தனூண்டு சட்டி. ஊருக்கே சமைக்கிறாளா, தங்கச்சி?"

சாப்பாட்டு நேரம். அவருடைய மேஜை அடுப்பில் மண்சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. என் கையை இழுத்து மேஜை விளிம்பில் வைத்தார். சின்னச் சின்ன அதிர்வு, விடாமல்.

"இதுதான் பொகுல் பொகுல். புகுல் புகுல்னா எலும்பு சூப் கடை அண்டா. தரையே அதிரும், காலுக்குத் தெரியும்."

"கொதிக்கும் ஒலின்னு போட்டா?" என்று எழுதிக் கேட்டேன்.

"கேஸ் கம்பெனிக்காரன் பேசுற மாதிரி இருக்கு. ரெண்டு பேருக்குன்னு வச்சிருக்கா. அது எனக்குத் தெரிய வேணாமா?"

காது கேட்கிற எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

நவம்பர் 10

"தப்பு என்னுடையது" என்றேன். கூவின் முகம் மலர்ந்தது. "புகுல் இல்லை, பொகுல்" என்று திருத்தி, ஓக்ரான் யார் என்று சொல்லி அவர் எழுதிய தாளையும் மேஜையில் வைத்தேன்.

"இதையும் அடிச்சா என் பேரையும் சேத்து அடிச்சிடுங்க."

தாளை இரண்டு முறை படித்தார்.

நவம்பர் 13

ஒளிபரப்பாயிற்று. பொகுல் பொகுல் — நாற்பது விநாடியும்.

டிசம்பர் 2

பத்தாம் பாகம். குளியல் தொட்டியில் குழந்தை தண்ணீருக்குள் வாய் வைத்து ஊதுகிறது. கூ எழுந்து என் மேஜைக்கு வந்தார்.

"இதுக்கு என்ன மேடம் போடலாம்?"

"ரெண்டு சொல் தோணுது. எதுன்னு தெரியலை."

கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "அந்தத் தையல்கார அக்கா கடை எத்தனை மணி வரைக்கும்?"