தரையில் நிற்காத ஷூ

என் பாசத்துக்குரிய மாமாவுக்கு,

ஏகாம்பரநாதர் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தின் மீது ஆணை. இனி நான் எழுதப்போவதை ஒரு ஜீவனும் நம்பாது. அந்த மண்டபத்தின் ஆயிரம் கால்களுக்கும் ஷூ கிடைத்தாலும் கிடைத்துவிடும். உங்கள் இரண்டுக்கு மட்டும் கிடைக்காது என்று நான் சொன்னது நினைவிருக்கிறதா?

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. அக்கா உங்களைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை. ஆனால் போன வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, உங்கள் பந்தய ஷூவை மடியில் வைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் மூடினாள். ஏன் மூட வேண்டும்? அந்த ஷூ விஷயத்தில் யாரோ ஒரு சதி செய்திருக்கிறார்கள் என்று அன்றைக்கே சந்தேகப்பட்டவன் நான்.

எல்லாம் பல வருஷத்துக்கு முன் நடந்த, திருமுக்கூடல் போய்த் திரும்பும் அந்த சைக்கிள் பந்தயத்தால் வந்தது. நீங்கள் பேர் கொடுக்கப் போன அன்றுதான் பந்தயம் நடத்திய சங்கத்தின் செயலாளர் புதுச் சட்டம் பேசினார். அவருடைய மருமகனும் பந்தயத்தில் இருந்தான் என்பதை இங்கே குறித்துக்கொள்ளவும்.

"ஷூ இல்லாம பேர் எழுத மாட்டேன். போன தபா உன் செருப்பு கழண்டு பின்னால வந்தவன் மூஞ்சில அடிச்சுது. தறிக்குழியில தொங்கற காலுக்கு ரோடு எதுக்குபா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் வீடு வரும்வரை உங்கள் காலையே பார்த்துக்கொண்டு நடந்தீர்கள். பரிசு யாருக்கு வேண்டும்? அந்தச் சிரிப்பை ஒரு நாளாவது மிதித்துவிட வேண்டும், அவ்வளவுதானே மாமா?

ஆனால் உங்கள் கால் சாமானியமா? முன்பக்கம் முறம், குதிகால் எலுமிச்சம்பழம். சின்ன வயசிலிருந்தே தறியின் மிதியை அழுத்தி அழுத்தி, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஊடை நூல் ஓட்டும் நாடாக்கட்டையே தாராளமாகப் போய்வரும் அளவுக்கு இடைவெளி. பட்டணத்திலிருந்து வந்த ஷூவுக்குள் அதை நுழைத்தோம். சந்துக்குள் தேர் நுழைந்த கதைதான். இழுக்க வடம் இல்லாத குறை. ஷூ வெடித்த சத்தத்தில் கோயில் புறாக்கள் வேலூர் வரை பறந்தன.

கடைசியில் செருப்பு தைக்கும் பாய் கடைக்கு ஓடினேன். "காலை பேப்பர்ல வரைஞ்சுக்கினு வாப்பா, தெச்சுத் தரேன்" என்றார். நீங்களோ தறியை விட்டு எழ முடியாத நிலை. முகூர்த்தப் புடவை, கடைசி முழம், பெண் வீட்டார் வாசலில். அக்காதான் காகிதமும் பென்சிலுமாகக் குழிக்குள் இறங்கினாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் ஷூ வந்தது. போட்டுக்கொண்டு எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். "டேய், முள்ளு மேல நிக்கற மாதிரி இருக்குதுடா."

செயலாளர் பாயை வளைத்துவிட்டார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. போய்ச் சத்தம் போட்டேன். "வரைஞ்ச காலுக்குத்தான் தெச்சேன். நீங்க காலை மாத்திக்கினு வந்தா நான் இன்னா பண்றது?" என்றார். இவ்வளவு நிதானமாக ஒரு மனிதன் பதில் சொன்னால் சந்தேகம் வலுக்குமா, வலுக்காதா?

மறுநாள் காலை நானும் அக்காவும் ஆளுக்கொரு கைத்தாங்கலாக உங்களைக் கொண்டுபோனோம். "வழி விடுங்கப்பா, சாமி புறப்பாடு வருது!" என்றார் செயலாளர். சைக்கிளில் தூக்கி வைத்தோம். பெடலில் கால் பட்டது. உங்கள் முகம் மாறியது.

"டேய், வலி இல்லடா."

வலி தலைக்கேறிவிட்டது என்றுதான் நினைத்தேன். அதற்குள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். பிறகு நடந்ததை ஊரே அறியும். பஸ்ஸை முந்தினீர்கள். பஸ்ஸின் நிழலையும் முந்தினீர்கள். திருமுக்கூடலில் கூடும் மூன்று ஆறுகளோடு உங்கள் வியர்வை நாலாவதாகக் கூடியது. முதலாவதாக வந்தும் இறங்க முடியாமல் முசரவாக்கம் வரை போய்த் திரும்பினீர்கள். இரண்டாவதாக வந்தவன் அடுத்த வாரம்தான் வந்தான்.

மிதியின் மேல் அழுந்தியிருந்த காலை அக்கா அப்படியே வரைந்திருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. நின்றால் அகலும் கால் அது; தறி மிதியோ பெடலோ, மிதித்தால் குவியும். பாய் பேரில் குற்றமில்லை. அக்கா அவசரத்தில் செய்த பிசகு என்று எல்லோரும் சிரித்தோம். நானும் நம்பினேன், போன வெள்ளிக்கிழமை வரை.

"ஏன்க்கா, எழுந்து நிக்கச் சொல்லி வரைஞ்சிருக்கலாமே?" என்றேன்.

எண்ணெய்க் கையை நிறுத்தாமல் சொன்னாள்: "அவரு நடக்கறதுக்காடா ஷூ கேட்டாரு?"

மாமா, அவள் தெரிந்தேதான் செய்தாளா? இல்லை, இப்போது யோசித்துச் சொல்கிறாளா? குழிக்குள் உங்கள் காலடியில் உட்கார்ந்து வரைந்தவளை நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? இரண்டு பேரும் சேர்ந்து என்னை இத்தனை வருஷம் முட்டாளாக்கினீர்களா?

போகட்டும். ஒரு வாக்குத் தருகிறேன். அந்த ஷூ பரணுக்குப் போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் பெண் கதை கேட்கும்போதெல்லாம் உங்கள் வேகத்தையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போகிறேன்.

பஸ், ஆறு, முசரவாக்கம் எல்லாம் என் கைச்சரக்கு. நீங்கள் வந்தது மூன்றாவதாக. ஆனால் ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். இறங்கி நிற்க முடியாமல் நீங்கள் சைக்கிளிலேயே தவித்தபோது, யாரும் சிரிக்கவில்லை. அந்தச் செயலாளரே ரோட்டில் குந்தி, உங்கள் காலைத் தன் மடியில் வைத்து, கயிற்றை அவிழ்த்து, ஷூவைக் கழற்றினார்.

உங்கள் வீட்டில் இன்னும் இரண்டு தட்டு சோறு சாப்பிடும்
ஒரே மச்சினன்