சிரியஸ் பக்கத்து வளையம்

குடவாசல்
25-1-1999

அன்புத் தம்பி சித்தீக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளைக்கு நீ அனுப்பிய பார்சல் உடையாமல் வந்தது. டெலஸ்கோப் படத்தின் ஓரங்களைத் திருத்தும் கரெக்டர் லென்சும், ஊர் வெளிச்சத்தைத் தடுக்கும் ஃபில்டரும் இருந்தன. லென்சுக்கு நன்றி. ஃபில்டருக்குச் சொல்ல மாட்டேன். வீட்டில் உன் பாகத்தை நீ சாமிதுரைக்குக் கிரயம் செய்திருக்காவிட்டால் எனக்கு அது எதற்கு? வடக்கே அவருடைய கல்யாண மண்டபம் இரண்டு மாடி எழும்பிவிட்டது. நம் மொட்டைமாடியில் நின்றால் கிணற்றுக்குள் நிற்பது போல் இருக்கிறது. தெற்கே மட்டும் ஒரு கீற்று வானம். விளக்கைக் குறைக்கச் சொன்னால், "இருட்டுல தாலி கட்டச் சொல்றீங்களாம்மா? கழுத்து மாறிப்போச்சுன்னா நீங்க பொறுப்பேத்துப்பீங்களா?" என்கிறார்.

லென்சை மாட்டி எடுத்த முதல் படத்தில் ஓரத்து நட்சத்திரங்களுக்கெல்லாம் வால் முளைத்திருந்தது. லென்சுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் இருக்க வேண்டுமாம். அளந்தேன், குறைவாக இருந்தது. கும்பகோணம் லேத்தில் ஒரு பித்தளை வளையம் கடைந்து நடுவில் போட்டேன். ஃபில்டர் கண்ணாடியின் தடிப்புக்கு ஈடாக மெல்லிய தகடு ஒன்றும் சேர்த்தேன். இப்போது மூலை வரைக்கும் ஊசி குத்தினாற்போல் புள்ளிகள். உன் மச்சான் உயிரோடிருந்தவரை தன் ஃபோட்டோ ஸ்டூடியோ இருட்டறைக்குள் என்னை விட்டதில்லை. அதே அறையில் நானே கழுவிய படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

சிரியஸ் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் மெல்லிய வளையம் ஒன்று தெரிகிறது, பார். என்னிடமுள்ள எந்த வான்வரைபடத்திலும் அது இல்லை. பக்கத்து வீட்டு லத்தீஃபா, "பெருநாளைக்குச் சுட்ட முறுக்க நெனச்சுக்கிட்டே எடுத்தியா?" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

என் பாதியையும் சாமிதுரையின் பந்தி மண்டபத்துக்குக் கொடுத்துவிட்டுச் சிங்கப்பூர் வரச் சொல்கிறாய். எனக்கு இங்கே வேலை இருக்கிறது.

வஸ்ஸலாம்,
உன் லாத்தா
ஹமீதா பானு

சிங்கப்பூர்
9-2-1999

பாசமுள்ள லாத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ் ஸலாம். மாடிப்படியில் நீங்கள் விழுந்ததை லத்தீஃபா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இர்ஃபானாவும் நானும் உங்களுக்காக ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறோம். பிள்ளைகள் மாமி எப்போது வருவார்கள் என்று கேட்கிறார்கள்.

படத்தை இங்குள்ள வானியல் சங்கத்தில் ஒருவரிடம் காட்டினேன். நட்சத்திரப் புள்ளிகளைப் பார்த்து அசந்துவிட்டார். ஆனால் வளையம் மெய்யல்ல என்கிறார். ஃபில்டரின் தட்டைக் கண்ணாடியும் லென்சும் எதிரெதிரே இருப்பதால், நடுவே சிக்கிய வெளிச்சம் முட்டித் திரும்பி இப்படி விழுமாம். சிரியஸைப் படத்தின் மறு ஓரத்துக்குத் தள்ளி எடுத்துப் பாருங்கள். மெய்யான பொருளானால் வளையம் நட்சத்திரத்துடனே போகும். பிரதிபலிப்பு என்றால் எதிர்ப்பக்கம் தாவும்.

கோபப்படாதீர்கள்.

உங்கள் தம்பி
சித்தீக்

குடவாசல்
20-2-1999

சித்தீக்,

ஸலாம். கால் ஆறிவிட்டது. லத்தீஃபாவுக்கு வாய் ஆறவில்லை.

கண் முன்னால் தெரிவதைச் சோதித்துப் பார் என்று எனக்கே எழுதுகிறாய். சின்ன வயதில் பிறையைப் பார்த்துவிட்டேன் என்று நீ ஓடி வந்தபோது நான் சோதித்தேனா? நம்பினேன். தெருவே சிரித்தது, அது வேறு.

உன் பாதியை விற்றாய், என்னைக் கேட்கவில்லை. சுவர் எழுப்பினார்கள், கேட்கவில்லை. எனக்கென்று மிச்சமிருந்த கீற்றில் ஒன்று கிடைத்தால் அதையும் இல்லை என்கிறாய். சரி, சோதிக்கிறேன். வளையம் தாவினால் சாமிதுரையின் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறேன். தாவாவிட்டால் வீட்டுப் பேச்சை இனி நீ எடுக்கக் கூடாது. இது என் வார்த்தை.

ஹமீதா பானு

சிங்கப்பூர்
4-3-1999

லாத்தா,

சோதிக்க வேண்டாம். அந்த வார்த்தையை உங்களுக்கே திருப்பித் தந்துவிட்டேன். சாமிதுரையிடமும் தொலைபேசியில் சொல்லிவிட்டேன், பந்தியை அவர் எங்காவது போட்டுக்கொள்ளட்டும். வளையம் இருந்துவிட்டுப் போகட்டும். உங்களுக்கு மனமிருந்தால் வந்து பாருங்கள், இல்லாவிட்டால் நான் வருகிறேன். எங்கள் ஜன்னலுக்கு எதிரேயும் இன்னொரு கட்டடத்தின் ஜன்னல்கள்தான். வானத்தை நானும் பார்த்து நாளாயிற்று.

சித்தீக்

குடவாசல்
2-4-1999

தம்பி சித்தீக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. உன் கடிதம் வந்த பிறகுதான் சோதித்தேன். வார்த்தையை நீ திருப்பித் தந்தாய். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

சிரியஸை இடது ஓரத்துக்குத் தள்ளினேன். வளையம் வலது ஓரத்துக்குப் போய்விட்டது. இன்னொரு முறை எடுத்தேன். அப்படியேதான். அது அந்த இரண்டு கண்ணாடிகளை விட்டு வெளியே போனதே இல்லை.

சாமிதுரையை வரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அவரே தயங்கினார். "தம்பி வேணாம்னு சொல்லிட்டாரேம்மா" என்றார். "தம்பி விற்ற பாகத்துக்குத் தம்பி பேசட்டும், இது என்னுடையது" என்றேன். பின்கட்டில் ஓர் அறையை என் ஆயுள்வரைக்கும் விட்டிருக்கிறார். அதன் ஜன்னல் மண்டபத்துச் சமையல்கட்டைப் பார்த்தபடி இருக்கிறது. சிங்கப்பூர் வர மாட்டேன். ஒரு ஜன்னலுக்கு எதிரே இன்னொரு ஜன்னல் எனக்கு இங்கேயே கிடைத்துவிட்டது. நீயும் வர வேண்டாம்.

மொட்டைமாடியை இடிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு படம் எடுத்தேன். உன் ஃபில்டரைக் கழற்றினேன், அதற்காகச் சேர்த்த தகட்டையும் எடுத்தேன். அன்று மண்டபத்தில் கல்யாணம், அத்தனை விளக்கும் எரிந்தது. ஃபில்டரும் படமும் இத்துடன் வருகின்றன. படம் வெறும் வெள்ளையாக இருப்பதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று நினைக்காதே. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார். மூலையில் மங்கலாக மூன்று நட்சத்திரங்கள் இருக்கும். வால் இல்லாமல், புள்ளியாக. இடைவெளி சரியாகத்தான் இருக்கிறது. என் பக்கம் பிழை இல்லை.

மற்றபடி அந்த வெள்ளை முழுவதும் நீ விற்றது. சட்டம் போட்டு உன் சுவரில் மாட்டிக்கொள்.

வஸ்ஸலாம்,
ஹமீதா பானு