வடக்கே தலை

ஐப்பசி 9, திங்கள்

தூறல். பஸ்சுக்குள்ளும் ஒழுகல். கஞ்சி, துண்டு இரண்டு, ஃபிளாஸ்க்.

மாமனாருக்கு நிமோனியா, வலது நுரையீரல். முப்பது வருஷம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகுப் புகை, அதற்கு மேல் பீடி. காய் எடுப்பு நேரம், என் வீட்டுக்காரர் எஸ்டேட்டை விட்டு இறங்க முடியாதாம். மகனுக்கு மலை, மருமகளுக்கு ஆசுபத்திரி. நான் எஸ்டேட் கூலிக்காரர் மகள் என்று பதினோரு வருஷமாகத் தன் வீட்டுப் படி ஏற விடாத மனிதர். இப்போது துணி எடுக்க அந்த வீட்டுச் சாவி என் முந்தானையில்.

நர்ஸ்: "தலப்பக்கம் தூக்கியே இருக்கணும்க்கா. இடப்பக்கமாச் சாச்சுப் போடுங்க. நல்ல நுரையீரல் கீழ இருந்தாத்தான் ரத்தமும் காத்தும் அங்க சேரும்."

இடப்பக்கம் திரும்பினால் என் ஸ்டூல். வலப்பக்கம் சுவர். கிழவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் 86. திருப்பினேன். கையைத் தட்டிவிட்டார். மறுபடி திருப்பினேன். 92.

ஐப்பசி 10, செவ்வாய்

மழை இல்லை. சோப்பு வாங்க வேண்டும்.

டீ வாங்கப் போனது பத்து நிமிஷம். அதற்குள் ராசிங்காபுரத்திலிருந்து நாத்தனார். அப்பாவைத் தலைமாடு கால்மாடு மாற்றிப் போட்டிருக்கிறாள். தலை பள்ளத்தில், கால் இரண்டும் சாய்மானத்தின் மேல்.

"வடக்க தல வச்சு மனுசன் படுப்பானா? எங்கப்பாவச் சாகக் குடுக்கப் பாக்குறியாடி?"

81. உதடு நீலம்.

"மதினி, சாய்மானம் அங்கிட்டுத்தான இருக்கு!"

நர்ஸ் ஓடி வந்து திருப்பினாள். 90 வர அரை மணி. நாத்தனார் அழுதாள், பிறகு என்னைத் திட்டினாள். "நாளைக்கும் வடக்க தல இருந்துச்சு, வீட்டுக்குக் கொண்டு போயிருவேன்."

மகள் கையெழுத்துப் போட்டால் அனுப்பிவிடுவார்கள். வீட்டில் ஆக்சிஜன் ஏது. செத்துப்போவார். போகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்தேன்தான்.

ஐப்பசி 11, புதன்

வெயில். ஏழு மணிக்கே வார்டில். தரையில் விழுந்த ஸ்பூனை எடுக்கக் குனிந்தபோது கட்டில் கால் கண்ணில் பட்டது. சக்கரம்! இத்தனை நாள் என் கண் எங்கே போயிருந்தது?

பிரேக்கை எடுத்து, நானும் நர்ஸும் சிலிண்டரோடு சேர்த்துக் கட்டிலையே திருப்பிப் போட்டோம். தலை தெற்கே, சாய்மானமும் தெற்கே. இடப்பக்கம் இப்போது சுவர். கிழவர் தானாகவே திரும்பிக்கொண்டார். 94. என் மூஞ்சியைப் பார்க்க வேண்டாம் என்ற நிம்மதி. எனக்கும்தான்.

பத்து மணிக்கு நாத்தனார். திசை பார்த்தாள். குறை கிடைக்கவில்லை. ஆரஞ்சு உரித்தாள்.

மாமனார் வாய் திறந்தார். நேற்றுவரை இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கியவர்.

"வீட்டுச் சாவிய இவகிட்ட இருந்து வாங்கி நீ வச்சுக்க ஆத்தா, நான் வர்ற வரைக்கும் அந்தப் படியில இவ கால் படக்கூடாது."

முழுவதும் ஒரே மூச்சு. இடையில் எங்கும் நிற்கவில்லை.

சாவி முந்தானையில்தான். கொடுக்கவில்லை.