பால் இல்லாத கோப்பிக்கடை

பிரிக்பீல்ட்ஸ்,
6-3-1933

அன்புள்ள அத்தானுக்குச் சீதாலெட்சுமி எழுதுவது. அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகம். நானும் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அதற்குப் பெயர் சுகம் என்றால் சுகம்தான்.

நீங்கள் கள்ளுக்கடையை மூடிவிட்டுக் கோப்பிக்கடை போட்டிருப்பதாகக் கிள்ளானிலிருந்து வந்த வேலாயுதம் சொன்னார். அண்ணி சாமிக்குக் கற்பூரம் ஏற்றினாள். நான் ஏற்றவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கடையை விடுங்கள் என்று கெஞ்சினேன். "பொம்பளைக்கு யாவாரம் என்ன தெரியும்" என்றீர்கள். தீபாவளியன்று கோபித்துக்கொண்டு இங்கே வந்தேன், அப்போதும் அசையவில்லை. இப்போது செத்துப்போன ரபேலின் பெண்சாதி மகதலேனா கடை வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னாளாம், மறுவாரமே மூடிவிட்டீர்களாம். அவளே அங்கே ஆப்பம் சுடுகிறாளாம்.

அவள் வாயில் தேனா, என் வாயில் வேம்பா?

சீதாலெட்சுமி


கிள்ளான்,
10-3-1933

அன்புள்ள சீதாவுக்கு நாகையா எழுதுவது. நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன்.

ரபேல் நம் கடையில் குடித்துவிட்டுப் போன வழியில்தான் சாக்கடையில் விழுந்து செத்தான். அடக்கம் முடிந்து அவள் வந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். "அண்ணே, அவரு போயிட்டாரு. இன்னொரு வீட்ல இது நடக்க வேணாம்" என்றாள், அவ்வளவுதான். அன்றைக்கு யாருக்கும் ஊற்றக் கை வரவில்லை.

பிள்ளைகளோடு நிற்கிறவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். நல்ல பெண். யார் வந்தாலும் ஒரே மாதிரி கிளாஸ் வைக்கச் சொன்னாள். தோட்டத்து ஆட்களுக்குத் தனியாகத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றுகிற வழக்கத்தை விட்டுவிட்டேன். ஆப்பமும் பூப்போல வருகிறது.

நாகையா


பிரிக்பீல்ட்ஸ்,
14-3-1933

அத்தானுக்கு,

ஆப்பம் பூப்போல வருகிறதா? சந்தோஷம். என் தோசையை நீங்கள் மாவு புளித்துவிட்டது என்பதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை. சிரட்டையைத் தூக்கிப் போடச் சொல்லி நான் சண்டை போட்டதும் மறந்துவிட்டது.

எனக்குப் பொறாமைதான். வேறு பெயர் வைத்து மறைக்கத் தெரியவில்லை. அவளைத் தப்பாக நினைக்கவில்லை. நம் கள்ளால் புருஷனைப் பறிகொடுத்தவள்; அவள்மேல் பொறாமைப்படுவது பாவம் என்று தெரிந்தும் வயிறு எரிகிறது. உங்கள் மனசு திரும்பும்போது பக்கத்தில் நான் இருந்திருக்க வேண்டும். அதற்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். புதுக்கடைக்குப் பால் காய்ச்சியது யார்? அது வீட்டுக்காரி கையால் நடக்கிற காரியம். அவள் காய்ச்சியிருந்தால் அது அவள் கடை. அங்கே விருந்தாளியாக வந்து உட்கார என்னால் முடியாது. அப்படியென்றால் இனி எனக்கு எழுதவும் வேண்டாம்.

சீதாலெட்சுமி


கிள்ளான்,
18-3-1933

சீதா,

யாரும் காய்ச்சவில்லை. நீ இல்லாமல் எப்படிக் காய்ச்சுவது என்று நானும் விட்டுவிட்டேன். டின் பாலும் வாங்கவில்லை. கடை திறந்த நாளிலிருந்து கடுங்கோப்பிதான் விற்கிறேன். "நாகையாண்ணே, கள்ளுக்கடையிலயாவது வெள்ளையா ஒண்ணு குடிச்சோம், இங்க எல்லாமே கறுப்பா இருக்கே" என்று துறைமுகத்து ஆட்கள் சிரிக்கிறார்கள். பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். மகதலேனாவும், "அக்காவைக் கூப்பிடுங்கண்ணே" என்று தினமும் சொல்கிறாள். உன்னைக் கூப்பிட எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பாய். அடித்தவள் நீ. நகர்ந்த நேரத்தில் பக்கத்தில் நின்றவள் அவள். வேறொன்றும் இல்லை.

நாகையா


பிரிக்பீல்ட்ஸ்,
20-3-1933

அத்தானுக்கு,

பால் இல்லாமல் கோப்பிக்கடை நடத்திய புத்திசாலி நீங்கள் ஒருவர்தான். அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். நான் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். அண்ணன் வீட்டுப் பசுவின் பால் தூக்குவாளியில் வரும். மகதலேனாவும் அன்று கட்டாயம் வரட்டும். பாலை மட்டும் தொட விடாதீர்கள். பொங்கியதும் முதல் கிளாஸ் கோப்பியை நானே ஆற்றி அவளுக்குத்தான் கொடுப்பேன். நன்றாக இருக்கிறது என்று அவள் உங்கள் எதிரில் சொல்ல வேண்டும்.

அப்புறம் அவள் ஆப்பத்தை நான் சாப்பிட்டுப் பார்க்கிறேன். பூவா இல்லையா என்று நான் சொல்வேன். அதுவரை நீங்கள் அதைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாம்.

உங்கள்
சீதா