விரிசல் விட்ட தீயணைப்பு வண்டி

ஜனவரி 9, செவ்வாய்

பொம்மைக்கடைக்காரர் போனில், "இன்னும் கொஞ்சம் தீயணைப்பு வண்டி அனுப்ப முடியுமாம்மா?" என்றார். முடியுமாவா? கேட்கிற கேள்வியைப் பார்!

குழாய்க் கைப்பிடியும் மேசைக் குமிழும் வார்த்துக்கொண்டிருந்த பட்டறை இது. அண்ணன் மகள் கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள் என்று, மிஞ்சிய துத்தநாகத்தில் அவளுக்கு ஒரு குட்டி லாரி வார்த்துக் கொடுத்தேன். தூங்கும்போதும் அதை விடமாட்டேன் என்றாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பேர். அதையே வண்டியின் அடியில் பொறித்தோம். லாரி, பஸ், டிராக்டர், இப்போது தீயணைப்பு வண்டி. கைப்பிடி வார்ப்பதை எப்போதோ விட்டாச்சு. வாலுவும் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டாள். அச்சு வெட்டுவது நான், உலை அண்ணனுடையது. சண்டை மட்டும் இருவருக்கும் பொது.

ஜனவரி 22

தீயணைப்பு வண்டியின் ஏணி மடங்கும்போது சிக்குகிறதாம். சரிசெய்துவிட்டேன். என்னை விட்டால் யார்?

பிப்ரவரி 6, செவ்வாய்

பொம்மைக்கடைக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். முகத்தில் சுரத்தில்லை. பையிலிருந்து ஒரு தீயணைப்பு வண்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

"வாலு வண்டி கீழ விழுந்தாலும் உடையாதுன்னு சொல்லிச் சொல்லி வித்தவன்மா நான். இது அலமாரியில சும்மா இருந்துச்சு. நீங்களே பாருங்க."

பக்கவாட்டில் உப்பி, விரிசல் விட்டு, சக்கரம் இறுகிப்போயிருந்தது. நகத்தால் அழுத்தினேன். பிஸ்கட் மாதிரி ஒரு துண்டு பெயர்ந்து வந்தது.

மாலையில் கிடங்கைப் புரட்டிப் போட்டேன். பழைய லாரியும் பஸ்ஸும் கல்லு மாதிரி இருக்கின்றன. போன மழைக்காலத்தில் வார்த்த தீயணைப்பு வண்டிகள் மட்டும்தான் இப்படி. அப்போது துத்தநாகம் கிடைக்காமல் அலைந்தோமே — அண்ணன் உலையில் என்னத்தைப் போட்டான்?

பிப்ரவரி 7

கேட்டேன். "வழக்கமாப் போடுறதுதான்" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. விடுவேனா? கடைசியில் வந்தது வாயிலிருந்து. மூலையில் கிடந்த வெள்ளீயக் கட்டிகளைச் சேர்த்துப் போட்டிருக்கிறான்.

"அதுவும் உருகுது, இதுவும் உருகுது. துளி கலந்தா என்ன, குடியா முழுகிடும்?"

குடிதான் முழுகும் அண்ணா! துத்தநாகத்தில் துளி வெள்ளீயம் போதும். வார்க்கும்போது பளபளவென்று வரும். மாதக்கணக்கில் காற்றிலிருக்கும் ஈரம் பட்டுப் பட்டு உள்ளேயிருந்து இற்றுப்போகும். உலை முன்னால் நிற்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தெரிஞ்சேதான் போட்டிருக்கான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு — வேண்டாம், எழுதவில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

எல்லாக் கடையிலும் அறிவிப்பு ஒட்டலாம் என்றேன் அண்ணனிடம். தப்பு எங்களுடையது, தீயணைப்பு வண்டியைக் கொண்டு வந்து புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று.

"நாமே நம்ம தலையில மண்ணை வாரிப் போட்டுக்கணுமா? பிள்ளை தூக்கிப் போட்டு உடைச்சிடுச்சுன்னு நினைச்சுப்பாங்க. விட்டுடு."

"அடியில உன் பொண்ணு பேரு இருக்கு."

அண்ணன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தான். அப்புறம் மெதுவாக, "கடைக்காரங்க மொத்தத்தையும் திருப்பி அனுப்பிட்டா? பட்டறையை மூடிட்டு எங்கே போறது?" என்றான்.

நியாயமான பயம்தான். எனக்கு மட்டும் இல்லையா? ஆனால் பட்டறை போனால் இன்னொரு பட்டறை போடலாம், எனக்குக் கை இருக்கிறது. பொய் சொல்லி வண்டி விற்க எனக்கு வராது. அறிவிப்பை நானே எழுதி அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 11

அண்ணன் என்னோடு பேசவில்லை. சுத்தத் துத்தநாகம் மட்டும் உலையில் இறங்குகிறது. அது போதும் எனக்கு.

பிப்ரவரி 17, சனி

பொம்மைக்கடை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தேன். புது வண்டிகள் பின்னால் அடுக்கியிருந்தன. நல்ல கூட்டம். சிலர் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். "இப்பவாவது சொன்னீங்களே" என்றார் ஒரு அப்பா. பெரியவர்களுக்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன். பிள்ளைகளுக்குத்தான் இல்லை.

முன்பல் விழுந்த ஒரு குட்டிப் பெண் வண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"புதுசு தர்றாங்கடி, குடு" என்றாள் அம்மா.

"குடுக்க மாட்டேன். இது ரிப்பேர் வண்டி. லாரி வந்து இழுத்துட்டுப் போகும்."

நிஜமாகவே எங்கள் லாரியில் நூல் கட்டி வைத்திருந்தாள். சரி, புதுசையும் வைத்துக்கொள் என்று சொல்லி, பழையதின் கூரான ஓரங்களை மட்டும் அரத்தால் தேய்க்கத் தொடங்கினேன். பார்த்த மற்ற பிள்ளைகளும், "எனக்கும் பழசு வேணும்" என்று சூழ்ந்துகொண்டார்கள். அப்போது ஒரு கை வந்து என் கையிலிருந்த அரத்தை வாங்கியது. அண்ணன்.

எப்போது வந்தான், எவ்வளவு நேரம் நின்றான், தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அம்மாவிடம், எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்:

"இது உடைஞ்சது என்னாலதாம்மா. தப்பான உலோகத்தைக் கலந்தது நான்தான்."

அந்த அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள்தான் சொன்னாள்: "பரவால்ல மாமா. இழுத்துட்டுப் போயிடலாம்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பெட்டிக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ரிப்பேர் வண்டியை இழுத்துப் போக ஒரு வண்டி வேண்டுமென்று பிள்ளையே வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. மக்கு! காலையிலிருந்து ஒரு கிரேன் லாரி வரைந்துகொண்டிருக்கிறேன். பின்னால் கொக்கி, நூல் சுற்ற ஒரு உருளை. அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "கொக்கி இன்னும் பெருசா இருக்கட்டும், பிள்ளைங்க விரல்ல பிடிக்கணும்ல" என்றான். பேசிவிட்டான்! கொக்கியைப் பற்றித்தான். இருக்கட்டுமே.

மார்ச் 14

பெரிய கடை ஒன்று நம் வண்டியே வேண்டாம் என்று நிறுத்திவிட்டது. வலிக்கத்தான் செய்கிறது. கிரேன் லாரியைப் பார்த்தால் தானாக வருவார்கள். வராவிட்டால் அவர்களுக்குத்தான் நஷ்டம்.

ஜூன் 3, திங்கள்

முதல் கிரேன் லாரி அச்சிலிருந்து வந்தது. அழகு! நானே சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை. பொம்மைக்கடைக்காரர் பார்த்துவிட்டு முன்னைவிட அதிகமாகவே கேட்டிருக்கிறார்.

அட்டைப்பெட்டிக்குப் படம் வரைய ஓவியர் வந்தார். கொக்கியில் எந்த வண்டி தொங்கட்டும் என்று கேட்டார். புது பஸ்ஸை எடுத்து வைத்தேன். அண்ணன் அதை நகர்த்திவிட்டு, தன் மேசையிலிருந்து உப்பி வெடித்த தீயணைப்பு வண்டியை எடுத்துவந்து வைத்தான்.

ஓவியர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விரிசலை மட்டும் மறைச்சு வரைஞ்சிடட்டுமா சார்?"

"வேணாம்" என்றான் அண்ணன். "அதையும் வரைங்க. நாங்க பண்ணினதுதான்."